மலைப்பாதையும் மாயப்பாதையும்

மோட்டார் வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதற்கும், உண்மையில் ஓட்டத் தெரிந்திருப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று யாரேனும் என்னைக் கேட்டால், பெல்மதுளையிலிருந்து இறக்குவானை வரையுள்ள தூரம் என்று சொல்லுவேன். அந்தப் பாதையிலே, காவத்தையைக் கடந்த பின்னர், மழையில் நனைந்து கிடந்த ஒரு வளைவில்தான் எனக்கு இந்த உண்மை விளங்கிற்று.

இரத்தினபுரி மழையைப் பற்றி இப்பகுதி வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கின்ற ஊர் இது. குடையின்றிப் புறப்படுகின்றவனைக் கண்டால் ஊருக்குப் புதியவன் என்று தெரிந்துகொள்ளலாம். அத்தகையதொரு மழைநாளில், சாரதி அநுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகளேயான நான், பழைய சிறு கார் ஒன்றில் என் மனைவியுடன் இறக்குவானைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே லொறி ஒன்று வந்தது. வளைவின் நடுவிலே பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அதே கணத்தில் சுக்கானையும் இடப்புறம் இழுத்தேன். சுக்கான் திரும்பிற்று, வண்டி திரும்பவில்லை. கையில் இருந்த பாரம் திடீரென அகன்று, காற்றைப் பிடித்திருப்பதுபோல் அது இலேசாயிற்று. லொறிக்காரர் தம் வண்டியை ஒதுக்கி எங்களைக் காப்பாற்றினார். நாங்கள் பாதையோரக் கானுக்குள் இறங்கினோம்.

பக்கத்து லயத்திலிருந்து ஓடிவந்த பத்துப் பன்னிரண்டு பேர் காரைக் கையாலேயே தூக்கி வெளியே வைத்தார்கள். என் மனைவியின் நெற்றியில் சிறு காயம். அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஆனால், அடுத்த முறை தாய்வீடு செல்லும்போது, "நான் பஸ்ஸில போய்ட்டு வந்துர்றேங்க" என்று மட்டும் சொன்னாள். அதன் பின்னர் அவள் அந்தக் காரில் ஏறவேயில்லை. ஏசியிருந்தால் ஏதேனும் பதில் சொல்லியிருப்பேன். ஏசாதவளுக்கு என்ன சொல்வது?

என் தந்தையார் தோட்டத்துக் கொழுந்து லொறியிலே முப்பது ஆண்டுகள் கிளீனராக இருந்தவர். ஏற்றத்தில் லொறி நின்றால் குதித்திறங்கிச் சில்லுக்குக் கட்டை வைப்பது அவருடைய தொழில். இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்து அத்தனை வளைவுகளையும் மனப்பாடம் செய்திருந்தும், வலப்பக்க ஆசனத்தில் ஒருநாளேனும் அமர்ந்தவரல்லர். அவர் மகன் கார் வைத்திருக்கின்றான் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையும் அன்று கானுக்குள்தான் கிடந்தது.

இந்த நிலையிலேதான் என் தங்கையின் மகன் எனக்கு ஆசிரியனாக வாய்த்தான். பையன் நகரத்தில் மாணிக்கக்கல் பட்டை தீட்டும் பட்டறையொன்றில் வேலை செய்கின்றான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கணினியொன்றும், யாரோ பாவித்து விற்ற சுக்கானும் மிதிகளும் வாங்கி, றப்பர் மரப் பலகையால் தானே செய்த மேசையொன்றில் பூட்டி வைத்திருந்தான். இரவானால் அதன்முன் அமர்ந்து, திரையிலே ஓடும் பாதையில் கார் ஓட்டுவான். வயதுவந்த பிள்ளை விளையாட்டுச் சாமானுக்குப் பணத்தைக் கொட்டுகின்றானே என்று அவன் தாயாரிடம் குறைபட்டவர்களில் முதல்வன் நான்தான்.

"மாமா, நீங்க வளைவுக்குள்ள போன பெறகுதான் பிரேக் புடிக்கிறீங்க. அதான் வண்டி வழுக்குது. இதுல ஒருதடவ ஒக்காந்து பாருங்க" என்றான் ஒருநாள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது கசப்பாகத்தான் இருந்தது. எனினும் அமர்ந்தேன்.

அவன் வைத்திருந்த ஆட்டத்தின் பெயர் 'அசெட்டோ கோர்சா'. உரோமாபுரிக்கு அண்மையில், வல்லெலுங்கா என்னும் பந்தயத் திடலையொட்டி இயங்கிவந்த குனோஸ் நிறுவனத்தார் 2014ஆம் ஆண்டு வெளியிட்டது. கார்ப்பந்தய ஆட்டங்கள் பலவகைப்படும். சுவரில் மோதினாலும் துள்ளிக்கொண்டு ஓடுகின்ற வேடிக்கை ஆட்டங்கள் ஒருவகை. இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. மெய்யான பந்தயப் பாதைகளை லேசர் ஒளியால் அளந்து, அவற்றின் மேடு பள்ளங்களைக்கூடக் கணினிக்குள் இறக்கியிருக்கின்றார்கள். ஒவ்வொரு டயரின் மீதும் எவ்வளவு பாரம் அழுத்துகின்றது, அது எவ்வளவு சூடேறியிருக்கின்றது, எங்கே பிடிப்பை இழக்கின்றது என்பவற்றை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்கிட்டு, அந்தக் கணக்கின் விடையைச் சுக்கானுக்குள் இருக்கும் சிறு மோட்டார் வழியாக ஓட்டுபவன் கைக்கு அனுப்புகின்றது இந்த யந்திரம்.

இப்படி இருந்த இடத்திலிருந்தே ஓடிப் பழகும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டிலேயே ஆகாய விமானம் ஓட்டக் கற்பிக்கும் பொறியொன்றைச் செய்தார். பியானோவும் ஓர்கனும் செய்யும் குடும்பத்தில் வந்தவர். ஆகையால் அந்த வாத்தியங்களுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே பொறியை ஆட்டி அசைத்தார். முதலில் அதனைக் களியாட்டப் பொருளாகத்தான் பலர் கருதினர். 1934ஆம் ஆண்டு, மோசமான வானிலையில் தபால் ஏற்றிச்சென்ற இராணுவ விமானிகள் பலர் அடுத்தடுத்து மாண்டபோதுதான், அமெரிக்க இராணுவம் அப்பொறிகளை விலைக்கு வாங்கிற்று. இதனை நான் பின்னர் படித்தறிந்தபோது, மருமகனின் பலகை மேசையைப் பற்றி நான் பேசிய பேச்சுக்களை எண்ணி வெட்கினேன்.

முதல்நாள் இரவு எனக்கென்று அவன் தெரிந்தெடுத்த பாதை, வட இத்தாலியில் திரெந்தோ நகரிலிருந்து பொந்தோனே மலைக்கு ஏறுகின்ற பாதை. 17 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளம். அதற்குள் ஏறக்குறைய 1,350 மீற்றர் உயரம் ஏற வேண்டும். 1925ஆம் ஆண்டு முதல் அங்கே மலையேற்றப் பந்தயம் நடக்கின்றது. (நம் நாட்டிலும் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் 1934ஆம் ஆண்டே இத்தகைய போட்டி தொடங்கிவிட்டது. துரைமார் ஓட, நம்மவர் வேலியோரம் நின்று பார்த்திருப்பர்.) ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம், இடையிலே ஊசி வளைவுகள். தேயிலைக்குப் பதிலாக ஊசியிலை மரங்கள். மற்றபடி எனக்குப் பழக்கமான காட்சிதான். வண்டி, சிறிய ஃபியட் இனத்தைச் சேர்ந்த அபார்த் 500. இத்தாலிய வண்டியாதலால் சாரதியின் ஆசனம் இடப்பக்கத்தில் இருந்தது. திரையில் அந்தப் பக்கத்திலிருந்து பாதையைக் கண்டபோது, என் தந்தையார் முப்பது வருடம் கண்ட காட்சி இதுவல்லவா என்று தோன்றிச் சற்று நேரம் வண்டியை எடுக்காமலே இருந்தேன்.

எடுத்த பின்பு நடந்ததை விரித்துரைக்க விரும்பவில்லை. மூன்றாம் வளைவிலே பாறையில் மோதினேன். ஐந்தாம் வளைவிலே தடுப்புச் சுவரில் உரசினேன். ஒன்பதாவதில், இறக்குவானைப் பாதையில் செய்ததையே மீண்டும் செய்தேன்: பிரேக்கை மிதித்தேன், சுக்கானை இழுத்தேன். அப்போது சுக்கான் கையில் இலேசாயிற்று. அதே வெறுமை! உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று என் உயிரைக் கேட்ட அந்தக் கணத்தை இங்கே நூறுமுறை திரும்பத் திரும்பக் கேட்டுப் பெறலாம், காயமின்றி ஆராயலாம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மருமகன் கற்பித்த முறையைச் சொல்லுகின்றேன். இத்தகைய ஆட்டத்தில் தேர்ச்சி பெற விரும்பும் மாணவர்களுக்கும் அது பயன்படும். அவன் எனக்கு இட்ட முதல் விதி, ஒரே வண்டி, ஒரே பாதை என்பது. புதியவர்கள் நாளுக்கொரு காரையும் ஊருக்கொரு பாதையையும் மாற்றி எதையும் கல்லாமல் போகின்றார்கள். அடுத்ததாக, திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, அதற்கேற்பக் காட்சியின் கோணத்தைத் திருத்தினான். இது தவறாயிருந்தால் வளைவு இருக்கும் தூரமும் போகும் வேகமும் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். எங்கே பிரேக் பிடிக்கலாம் என்று பாதையில் நிறம் தீட்டிக் காட்டும் உதவிக் கோட்டையும் அணைத்துவிட்டான். கோட்டைப் பார்க்கிறவன் பாதையைப் பார்ப்பதில்லை என்பது அவன் வாதம். கோனார் உரையை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வருகின்ற பிள்ளைகளை அறிந்த எனக்கு அதில் மறுப்பேதும் இருக்கவில்லை.

அதன் பின்னர்தான் டயரின் கணக்கு. டயருக்குள்ள பிடிப்பு, ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் போன்றது. இவ்வளவுதான் என்று வரையறுத்த தொகை. அதை முழுவதும் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒரு சதமும் மிஞ்சாது. இரண்டுக்கும் முழுத்தொகையைக் கேட்டால் கடன். அந்தக் கடனை அறவிட வருவதுதான் கான். ஆகவே பிரேக்கை நேர்ப்பாதையிலேயே பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது மிதியிலிருந்து காலைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே சுக்கானைத் திருப்ப வேண்டும்.

ஏன் சிறிது சிறிதாக? கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் சட்டென்று நிற்பதில்லை. நின்றால் சாக்கு முன்னே பாயும், அவளும் விழுவாள். நாலு அடிக்கு முன்னரே நடையைக் குறுக்கிக்கொண்டு வந்து நிற்பாள். வண்டியும் அவ்வாறே. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுகளுக்கு வருகின்றது, அங்கே பிடிப்புக் கூடுகின்றது, பின்சில்லுகள் இலேசாகின்றன. காலைச் சடாரென எடுத்தால் அந்தப் பாரம் பின்னோக்கி ஓடி, திரும்ப வேண்டிய முன்சில்லுகள் பிடிப்பைப் பறிகொடுக்கும். எங்கள் தோட்டத்துப் பெண்களின் கால்கள் அறிந்த இந்த இரகசியத்தை நான் ஓர் இத்தாலிய ஆட்டத்தில் கற்க நேர்ந்தது.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. வேகம் இரு மடங்கானால், வண்டி நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகும். 20 மீற்றர் ஆரமுள்ள வளைவில், உலர்ந்த தாரிலே மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் திரும்பக்கூடிய வண்டி, நனைந்த தாரிலே 30 அளவிலேயே வழுக்கத் தொடங்கலாம். பத்துக் கிலோமீற்றர்தானே என்று நினைப்பவர்களுக்கு இறக்குவானைப் பாதையில் என்னுடைய வளைவைக் காட்டத் தயாராயிருக்கின்றேன்.

இவையெல்லாம் மருமகன் சொன்னவை. நானாகக் கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு. அந்த ஆட்டத்தில் மோதிவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தியவுடன் புத்தம்புதிய காரோடு தொடக்கக் கோட்டில் நிற்கலாம். இந்தப் பொத்தானே கற்பவனுக்குப் பகைவன் என்று எனக்குப் பட்டது. ஆகவே, மோதினால் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது, எழுந்து வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன். முதல் வாரம் பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் வீட்டில் இருந்தேன்! மருமகன் சிரித்தான். ஆனால் இரண்டாவது வாரத்தில் என் ஓட்டம் மாறிற்று. வளைவுக்கு முன்னரே அடங்கினேன். கண் பொன்னட்டின் நுனியை விட்டு அடுத்த வளைவைத் தேடிற்று. வியப்பு என்னவெனில், வேகத்தை விட்டுக்கொடுத்த பின்னரே நேரம் குறைந்தது. 18 நிமிடத்தில் தட்டுத்தடுமாறி ஏறிய மலையை, ஒரு மாதத்தில் 14 நிமிடத்துக்குச் சற்று மேலாக ஏறினேன். பந்தய வீரர்கள் அதைப் பத்து நிமிடத்துக்குள் ஏறுகின்றார்கள் என்று மருமகன் சொன்னான். அவர்களுக்கு இறக்குவானையில் மாமியார் வீடு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாமல் மேலே செல்ல முடியாது. பந்தயக்காரர்கள் வளைவின் வெளியோரத்திலிருந்து நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்குப் போவார்கள். அந்தக் கோட்டில் போனால் வளைவு சற்று நிமிர்ந்துவிடும், வேகமாகப் போகலாம். ஆட்டத்தில் முதலில் கற்பிக்கப்படுவதும் இதுவே. ஆனால் அந்தக் கோடு, போக்குவரத்தை அடைத்துவிட்ட பாதைக்கு உரியது. எங்கள் பாதையில் அடுத்த பாதி, எதிரே வருகின்ற பஸ்ஸுக்கும் லொறிக்கும் பாடசாலைப் பிள்ளையின் சைக்கிளுக்கும் சொந்தம். பிறருடைய நிலத்தில் கோடு கிழிக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆட்டத்தில் கற்றவற்றில் எதை வீட்டுக்குக் கொண்டுபோவது, எதைப் பலகை மேசையிலேயே விட்டுப்போவது என்று பிரித்தறிவதுதான் இதில் கடினமான பாடமாக எனக்கு இருந்தது.

ஆட்டத்திலிருந்து மெய்யான பந்தயத்துக்குப் போனவர்களும் உண்டு. யப்பானில் 1997ஆம் ஆண்டு வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' என்னும் ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து மெய்யான பந்தயச் சாரதிகளாக்கும் திட்டமொன்றை, நிசான் நிறுவனத்தார் பிறருடன் சேர்ந்து 2008ஆம் ஆண்டு தொடங்கினர். அதில் 2011ஆம் ஆண்டு வென்றவர், கார்டிஃப் நகரில் வளர்ந்த ஜான் மார்டன்பரோ. இரண்டே ஆண்டுகளில், 2013இல், பிரான்சின் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் தமது பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் அவரும் ஒருவர். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைப்போல் 2005இல் 'போர்முலா வன்' பந்தயத்தில் இறங்குவதற்குச் சிறுவயது முதலே பணமும் பந்தயத் திடலும் வாய்க்க வேண்டியிருந்த விளையாட்டில், ஒரு பையன் படுக்கையறையிலிருந்து புறப்பட்டுப் போனான் என்பது சாமானியமான செய்தியன்று. மருமகன் அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தான்.

ஆனால் 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பாதையில் அவர் ஓட்டிய கார், மேட்டொன்றில் முன்புறம் தூக்கி ஆகாயத்தில் எழும்பி வேலிக்கு அப்பால் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் மாண்டார். அவரது கதையை 2023இல் திரைப்படமாக எடுத்தவர்கள், இந்த விபத்தை லெ மான்ஸ் வெற்றிக்கு முன்னதாக நடந்ததுபோல் மாற்றி அமைத்துவிட்டார்கள். துயரத்துக்குப் பிறகு வெற்றி வந்தால் கதை அழகாக முடியும் அல்லவா? ஓர் உயிரின் சாவை முன்னும் பின்னுமாக நகர்த்தும் அந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்த வரிசை வேறு. வெற்றி முதலில் வந்தது. மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் பதில் பேசாமல் படத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பதினெட்டு நிறைந்து சில ஆண்டுகள் ஆகியும் அநுமதிப்பத்திரம் எடுத்திருக்கவில்லை. சாரதி வேலை கிடைத்தால் பட்டறையில் வாங்குவதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்பது அவன் தாயாரின் நெடுநாளைய ஆசை. கற்பவர் பத்திரம் எடுத்துக்கொண்டு வந்தான். எழுத்தாணியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனுக்குச் சுக்கானையும் பிடிக்கக் கொடுப்போமே என்று, 'எல்' எழுத்துப் பலகையைக் கட்டி, ஒரு மாலை வேளையில் என் காரைத் தோட்டப் பாதையில் அவனிடம் கொடுத்தேன். நான் இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்தேன்.

கியர் மாற்றுவதும் வளைவில் அடங்குவதும் அவனுக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. முதல்நாள் கற்பவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கொழுந்து மடுவத்தை நெருங்கியபோது, நிறுவை முடிந்து பெண்கள் கூட்டமாகப் பாதையில் இறங்கினார்கள். பேசிக்கொண்டும், முதுகுக் கூடையை இறக்கித் தட்டிக்கொண்டும், யாரும் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்ற நிலையில் நடந்தார்கள். ஒரு குழந்தை தாயின் கையை விடுவித்து ஓடிற்று. அதன் பின்னே ஒரு நாய். மருமகன் முப்பது யார் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டான். எஞ்சின் அணைந்தது. அவன் நெற்றியில் வியர்வை.

"மாமா, இவங்க எந்தப் பக்கம் போவாங்கன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்றான்.

அவனுடைய ஆட்டத்தில் பாதையோரத்து மனிதர்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவர்கள்போல் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அவர்களில் ஒருவரேனும் ஒருநாளும் பாதையைக் கடந்ததில்லை. இந்தப் பாடத்தில் நான் அவனுக்கு மூத்தவன். காலைப் பார், தலையைப் பார்க்காதே. பிள்ளை ஓடினால் பின்னால் ஒருத்தி ஓடி வருவாள். நின்றிருக்கும் பஸ்ஸின் அடியில் கால் தெரிகிறதா என்று பார், என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் தந்தையார் லொறிக்காரருக்குச் சன்னல் வழியே எட்டிப்பார்த்துச் சொன்னவைதாம் இவை. கூட்டத்திலிருந்து ஒரு கிழவி வந்து பொன்னட்டைத் தட்டி, "நிக்கிறதுதான் நிக்கிறீங்க, இந்தச் சாக்கையும் லயம் வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போங்க வாத்தியாரய்யா" என்றாள். ஏற்றிக்கொண்டோம். மறுபடி வண்டியைக் கிளப்ப அவனுக்கு மூன்று முறை ஆயிற்று.

சென்ற மாதம் இறக்குவானையில் என் மைத்துனர் வீட்டில் ஒரு விசேஷம். மழை விடாமல் பெய்தது. பெல்மதுளைச் சந்தியில் நானும் மனைவியும் பஸ்ஸுக்காக ஒரு மணிநேரம் நின்றோம். வந்த பஸ்ஸில் ஏற இடமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போயிக் காரை எடுத்துக்கிட்டு வாங்களேன்" என்றாள்.

காவத்தை தாண்டியது. அந்த வளைவு நெடுந்தொலைவிலேயே என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நேர்ப்பாதை முடியுமுன் பிரேக்கை அழுத்தினேன், இரண்டாம் கியருக்கு இறங்கினேன், என் பாதியை விட்டு விலகாமல் மெல்லக் காலை எடுத்துக்கொண்டே சுக்கானைத் திருப்பினேன். கையில் பாரம் இருந்தது. எதிரே ஒரு லொறியும் வந்து கடந்து போயிற்று. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தேன். அவள் மடியில் வைத்திருந்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள், உரிப்பதை நிறுத்தவில்லை.